மாதிரியுருவும் மெய்யுருவும்: பிரித்தானியாவின் ஆரம்பகாலப் புகையிரத இயந்திரங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பிரித்தானியக் கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதியோர் நீராவி இயந்திரத்துக்கு அளித்த இடம் பெரிது. ஆயின் அவ்வியந்திரங்களின் சிற்றுருக்களை, அதாவது அளவுத்திட்டத்துக்கு அமையக் குறுக்கிச் செய்யப்பட்ட மாதிரியுருக்களை, அவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. அவை சிறுவர் விளையாட்டுப் பொருள் என்றோ, ஓய்வுபெற்ற கம்மியரின் பொழுதுபோக்கு என்றோ ஒதுக்கப்பட்டன. கலைப்பீடத்து மாணவன் ஒருவன் கொதிகலத்தையும் முசலத்தையும் பற்றி எழுதப் புகுவது ஏன் என வாசகர் வினவலாம். பானையோட்டையும் நாணயத்தையும் கொண்டு வரலாறு எழுதலாமெனில், பித்தளையாற் செய்த ஓர் இயந்திரச் சிற்றுருவைக் கொண்டும் எழுதலாம் என்பதே எனது விடை. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டையும் நாணயத்தையும் எத்துணை ஐயத்தோடு விசாரிக்கிறோமோ அத்துணை ஐயத்தோடு இச்சிற்றுருவையும் விசாரித்தல் வேண்டும். ஏனெனில், மாதிரியுரு மெய் சொல்லும் இடமும் உண்டு. பொய் சொல்லும் இடமும் உண்டு.

முதற்கண் கவனிக்கவேண்டியது, புகையிரத இயந்திரத்தின் வரலாற்றில் மாதிரியுரு முந்தியது, மெய்யுரு பிந்தியது என்பதாகும். போல்ற்றன், வாற் ஆகியோரின் நிறுவனத்துக்காகக் கோண்வோல் சுரங்கங்களில் இயந்திரங்களை நிறுவிவந்த வில்லியம் மேர்டொக் என்பவர் 1784 ஆம் ஆண்டளவில் றெட்றூத் என்னும் ஊரில் தாமே இயங்கும் வண்டியொன்றின் சிற்றுருவைச் செய்தார். மூன்று சில்லுகளைக் கொண்ட அது, மதுசார விளக்கொன்றின் சூட்டினால் நீராவி பிறப்பித்து ஓடியது. இருளில் அதனை ஓடவிட்டபோது ஊர்க் குருவானவர் அதனைப் பேயெனக் கண்டு அலறினார் என ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1786 இல் அவ்வண்டி ட்றூறோ நகரில் ஒரு பெரிய மண்டபத்தினுள், அடுப்புக் கரண்டியையும் இடுக்கியையும் சுமந்துகொண்டு சுற்றி ஓடியதை மத்தியூ போல்ற்றன் தம் பங்காளியாகிய ஜேம்ஸ் வாற்றுக்கு எழுதியுள்ளார். அதே கடிதத்திலிருந்தே, காப்புரிமை பெறும் பொருட்டு இலண்டனுக்குப் புறப்பட்ட மேர்டொக்கை வழியிற் கண்டு போல்ற்றன் திருப்பியழைத்து வந்தார் என்பதும் தெரியவருகிறது. நிறுவனத்தின் நலனுக்கு அவ்வண்டி இடையூறாகும் என அவர் எண்ணினார் போலும். மேர்டொக்கின் சிற்றுரு இன்றும் பர்மிங்காம் நூதனசாலையில் உள்ளது. மெய்யுரு ஒருபோதும் பிறக்கவில்லை.

மேர்டொக் விட்ட இடத்திற் றிச்சட் றெவிதிக் தொடங்கினார். 1771 இற் பிறந்த இவரும் கோண்வோல் சுரங்கங்களில் வளர்ந்தவர். வாற்றின் இயந்திரம் தாழ்ந்த அமுக்க நீராவியையும் ஒடுக்கியையும் நம்பியிருந்தது. அதன் பருமனோ ஒரு கட்டடத்தை ஒத்தது. ஒடுக்கியை அகற்றி, உயர் அமுக்க நீராவியைத் தொழிற்படுத்தியபின் நேரே வளியில் வெளியேற்றினால் எவ்வளவு வலு இழக்கப்படும் என்று றெவிதிக் தம் நண்பரான டேவிஸ் கிடி என்னும் கணித அறிஞரிடம் வினவினார். ஒரு வளிமண்டல அமுக்கம் மட்டுமே என்பது விடை. இவ்விடையே இயந்திரத்தைச் சில்லின்மேல் ஏற்றிவைத்தது எனலாம். 1797, 1798 ஆம் ஆண்டுகளையொட்டி றெவிதிக் சிற்றுருக்களைச் செய்து பரிசோதித்தார். 1801 டிசெம்பர் 24 ஆந் திகதி கம்போண் நகர்த் தெருவில் அவரது முழுவளவு வண்டி மனிதரைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறியது. நாலு நாட்களின்பின் வண்டியைக் கொட்டில் ஒன்றினுள் நிறுத்திவிட்டு அனைவரும் விடுதியில் விருந்துண்ணச் சென்றனர். நெருப்பை அணைக்க ஒருவருக்கும் நினைவில்லை. நீர் வற்றி, இரும்பு செஞ்சூடேறி, வண்டியும் கொட்டிலும் எரிந்தன.

மேசையின்மேல் இடரின்றி ஓடிய சிற்றுருவுக்கும் தெருவிலும் தண்டவாளத்திலும் தடுமாறிய மெய்யுருவுக்கும் இடையிலான இவ்விடைவெளிதான் இக்கட்டுரையின் மையப் பொருள். இதனை விளங்கிக்கொள்ளக் கலிலியோ 1638 இல் வெளியிட்ட நூலொன்றில் விளக்கிய ஓர் உண்மையை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரு பொருளின் நீள அகல உயரங்களை இருமடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். கனவளவும் நிறையும் எட்டு மடங்காகும். உறுதி பரப்பைப் பொறுத்தது. சுமை கனவளவைப் பொறுத்தது. ஆகவே பெரிதாகுந்தோறும் பொருள் தன் நிறையையே தாங்கமாட்டாது தளர்கிறது. எறும்பு தன் நிறையினும் பன்மடங்கு சுமக்கிறது; யானையால் அது இயலாது.

இவ்விதியைப் பெனிடாரன் நிகழ்ச்சி துலக்கமாகக் காட்டுகிறது. வேல்சிலுள்ள அவ்விரும்பாலையின் உரிமையாளர் சாமுவேல் ஹொம்பிறே, தம் அயலிலிருந்த இன்னோர் இரும்பாலை முதலாளியுடன் 500 கினி பந்தயம் கட்டினார். 1804 பெப்ரவரி 21 ஆந் திகதி றெவிதிக்கின் இயந்திரம் 10 தொன் இரும்பையும், 5 வண்டிகளையும், ஏறத்தாழ 70 மனிதரையும் 9 மைலுக்கு மேற்பட்ட தூரம் இழுத்துச் சென்றது. வழியில் மரங்களை வெட்டியும் பாறைகளை அகற்றியும் செல்லவேண்டியிருந்தமையால் 4 மணி 5 நிமிடம் பிடித்தது. தண்டவாளத்தில் நீராவி இழுத்த முதற் புகைவண்டியென உலகம் போற்றும் பயணம் இதுவே. ஆயின் அதன் தொடர்ச்சியைப் பாடநூல்கள் ஓரிரு சொற்களிற் கடந்துவிடுகின்றன. குதிரை இழுக்கும் பாரங்களுக்கென இடப்பட்டிருந்த வார்ப்பிரும்புத் தட்டுகள் இயந்திரத்தின் நிறையால் நொறுங்கின. மிகச் சில பயணங்களின்பின் இயந்திரம் ஓட்டத்தை நிறுத்தி ஓரிடத்தில் நின்று தொழில் செய்ய நேர்ந்தது. சிற்றுருவால் இதனை முன்னுணர்த்தியிருக்க முடியாது. மேசைப் பலகை எந்தச் சிற்றுருவின் கீழும் முறிவதில்லை. நீராவியால் வண்டி ஓடுமா என்ற வினாவுக்குச் சிற்றுரு சரியான விடையைத் தந்தது. பாதை தாங்குமா என்ற வினாவை அதனிடம் எவருங் கேட்கவில்லை, கேட்டிருப்பினும் அது பிழையான விடையையே தந்திருக்கும்.

அடுத்த இருபதாண்டு வரலாற்றை இந்நோக்கிற் படித்தால் பல செய்திகள் ஒரு கோவையிற் சேர்கின்றன. பாதை உடையாதிருக்க இயந்திரம் இலேசாக வேண்டும். இலேசானால் சில்லு வழுக்கும். இச்சிக்கலுக்குத் தீர்வாகவே 1812 இல் லீட்ஸ் நகரையடுத்த மிடில்டன் பாதையில் ஜோன் பிளெங்கின்சொப்பும் மத்தியூ மறேயும் பற்சில்லைப் பொருத்தினர். வைலம் சுரங்கத்தில் வில்லியம் ஹெட்லி வேறு வழியை நாடினார். மனிதர் கைபிடிகளைச் சுழற்ற ஓடும் பரிசோதனை வண்டியொன்றைச் செய்து, அதில் நிறைகளை ஏற்றியும் இறக்கியும், வழவழப்பான சில்லு வழவழப்பான தண்டவாளத்தை எவ்வளவு பற்றும் என அளந்தார். ஈண்டு நோக்கற்பாலது, அவர் மேசைச் சிற்றுருவை நம்பாது முழுவளவிற் பரிசோதித்தமை. அதன் பயனாகப் பிறந்த பஃபிங் பில்லியும் அதன் தோழர்களும் வழுக்கவில்லை. ஆனால் தட்டுகளை உடைத்தன. எனவே அவற்றை நிறை பரவும் வண்ணம் எட்டுச் சில்லுகளில் ஏற்றினர். உறுதியான பாதை அமைந்தபின் மீண்டும் நாலு சில்லுகளுக்கு வந்தனர். மெய்யான தீர்வு இயந்திரத்தில் அல்ல, பாதையிலேயே கிடைத்தது. 1820 இல் பெட்லிங்டன் ஆலையின் ஜோன் பேர்க்கின்ஷோ தேனிரும்பை உருட்டி நீண்ட தண்டவாளங்களாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வார்ப்பிரும்புத் தண்டவாளக் காப்புரிமை ஒன்றிற் பங்குகொண்டிருந்தும், ஜோர்ஜ் ஸ்டீவன்சன் தமது இலாபத்தை நோக்காது புதிய தண்டவாளத்தையே பரிந்துரைத்தார். இது அவரைப் பற்றி நாம் விரும்பி நினைவிற் கொள்ளக்கூடிய செய்தி.

இதுவரை சிற்றுருவைப் பெரிதாக்கும் கதையைக் கண்டோம். மெய்யுருவைச் சிறிதாக்கும் கதை பின்னைய காலத்துக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பர்மிங்காம் முதலிய நகரங்களின் கருவி செய்வோர் பித்தளைப் புகைவண்டிகளைச் செய்து விற்றனர். தரையெங்கும் நீர் சொட்டிச் சென்றமையால் இவற்றுக்குச் 'சிந்திகள்' என்னும் பொருள்படும் பட்டப்பெயர் வந்தது. இவை எந்த இயந்திரத்தையும் உள்ளவாறு காட்டவில்லை. 1898 இற் பேர்சிவல் மார்ஷல் மாதிரியுரு செய்வோருக்கெனச் சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் இலண்டனில் அவர்களுக்கென ஒரு சங்கமும் தோன்றியது. பட்டறைத் தொழிலாளரும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் தத்தம் வீட்டின் பின்கொட்டிலிற் கடைசற்பொறியை நிறுவி, வரைபடத்தைப் பார்த்து, உண்மையாகவே நிலக்கரி எரித்து ஓடும் சிற்றியந்திரங்களைச் செய்யத் தலைப்பட்டனர். அவர்களுக்கு வழிகாட்டியவர்களுள் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர் புகழ்மிக்கவர். அப்பெயர் ஒரு புகையிரதக் கம்பனியின் முதலெழுத்துகள். றொக்கற் இயந்திரத்தைத் தழுவி, 3½ அங்குல அகலப் பாதைக்கென அவர் வரைந்த சிற்றியந்திரத்துக்கு றெயின்ஹில் எனப் பெயரிட்டார்.

றெயின்ஹில் என்பது போட்டி நடந்த இடம். லிவர்பூல், மான்செஸ்ரர் நகர்களை இணைத்த புகையிரதக் கம்பனி 1829 ஒக்ரோபரில் 500 பவுண் பரிசு அறிவித்துப் போட்டி நடத்தியது. இயந்திரத்தின் நிறை 6 தொன்னை விஞ்சக்கூடாது. தன் நிறையின் மும்மடங்கை மணிக்கு 10 மைல் வேகத்தில் இழுத்தல் வேண்டும். கொதிகலத்தின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தலை விஞ்சலாகாது. பிறேத்வெயிற், எறிக்சன் ஆகியோரின் நொவெல்ற்றி இயந்திரமும், திமொதி ஹக்வேத்தின் சான் பரேயில் இயந்திரமும் இடைநடுவிற் பழுதுற்றன. ஜோர்ஜ், றொபேட் ஸ்டீவன்சன்களும் கம்பனியின் பொருளாளர் ஹென்றி பூத்தும் முன்னிறுத்திய றொக்கற் மட்டுமே முழுத்தூரமும் ஓடியது. அதன் வெற்றிக்கு மூலகாரணம், பூத்தின் யோசனைப்படி கொதிகலத்தினூடாகச் செலுத்தப்பட்ட 25 செப்புக் குழாய்கள். ஒவ்வொன்றும் 3 அங்குல விட்டமுடையது. தீயின் சூடு பல குழாய்களினூடாக நீருக்கு விரைந்து பரவியது.

இந்த றொக்கற்றை 3½ அங்குலப் பாதைக்குக் குறுக்குவதாகக் கொள்வோம். அளவுத்திட்டம் ஏறக்குறைய 1/16 ஆகும். 6 அடி நீளமும் 3 அடி 4 அங்குல விட்டமும் உடைய கொதிகலம் 4½ அங்குல நீளமும் 2½ அங்குல விட்டமும் உடையதாகும். 4 அடி 8½ அங்குல விட்டமுள்ள பெருஞ்சில்லு 3½ அங்குலமாகும். சில்லின் விட்டமும் பாதையின் அகலமும் மூலத்திலேயே ஒரே அளவினவாய் இருந்தமை ஒரு சுவையான ஒற்றுமை. 8 அங்குல உருளை ½ அங்குலமாகச் சுருங்கும். இதுவரை தொல்லையில்லை. நிறையோ 16 இன் மும்மடியாகிய 4096 ஆற் குறையும். 4¼ தொன் நிறையுள்ள இயந்திரத்தின் சிற்றுரு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் மட்டுமே. முசலத்தின் பரப்போ 256 ஆல் மட்டுமே குறையும். 50 இறாத்தல் அமுக்கத்தில் மூல இயந்திரத்தின் ஒரு முசலத்தின்மேல் தாக்கும் விசை ஏறக்குறைய 2500 இறாத்தல். அது இயந்திர நிறையின் காற்பங்கு அளவினது. சிற்றுருவில் அவ்விசை ஏறக்குறைய 10 இறாத்தல். அது சிற்றுருவின் நிறையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். வலு மிகுதி, நிறை போதாது. சில்லு சுற்றிச் சுற்றி வழுக்கும். ஆகவே மாதிரியுருவாளர் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஈயக்கட்டிகளை ஒளித்து வைக்கின்றனர். வைலமில் ஹெட்லியை வாட்டிய வினா, நூறாண்டு கழித்து ஒரு பின்கொட்டிலில், தலைகீழாக எழுந்து நிற்பதை இங்குக் காண்கிறோம். மேர்டொக்கின் வண்டி மண்டபத்தில் துள்ளி ஓடியதன் மருமமும் இதுவே.

குழாய்களின் நிலை இதனினும் சிக்கலானது. 3 அங்குலக் குழாய் 3/16 அங்குலமாகிவிடும். தாளிலே அழகாக அமையும் அத்தகைய 25 துவாரங்கள் கரிப்புகையால் விரைவில் அடைபடும். தீயின் இழுப்பும் குன்றும். சுடரையும் நிலக்கரியையும் நீரையும் 1/16 ஆகக் குறுக்க எவராலும் இயலாது. ஆதலின் ஓடும் சிற்றுருவைச் செய்வோர் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து விட்டத்தைக் கூட்டுகின்றனர். அலுமாரியில் வைத்துப் பார்ப்பதற்குச் செய்வோர் 25 குழாய்களையும் காட்டுகின்றனர். அச்சிற்றுரு ஓடாது. எது மெய்யான றொக்கற்? உருவத்தைக் காத்தது தொழிலை இழந்தது. தொழிலைக் காத்தது உருவத்தை இழந்தது. எனது கருத்தில் இரண்டாவதே வரலாற்று மாணவனுக்குக் கூடிய பயனுடையது. 25 குழாய்களை எண்ணிப் பார்த்தவன் ஒரு தகவலைப் பெறுகிறான். அவை ஏன் 25, ஏன் 3 அங்குலம் என்று தன் தோல்வியினூடாக அறிந்தவன் ஸ்டீவன்சனின் பட்டறைக்குள் ஓரடி வைக்கிறான்.

இனி இன்னொரு வினா எழுகின்றது. எந்த றொக்கற்? 1829 ஒக்ரோபரில் ஓடிய றொக்கற்றின் உருளைகள் கொதிகலத்தின் பின்புறத்தில் உயர்ந்து, ஏறக்குறைய 38 பாகை சாய்ந்து இருந்தன. வேகத்தில் இயந்திரம் ஆடியமையால் அவை பின்னர் ஏறத்தாழக் கிடையாகத் தாழ்த்தப்பட்டன. முன்புறத்திற் புகையறை சேர்க்கப்பட்டது. 1830 செப்ரெம்பர் 15 ஆந் திகதி பாதை திறக்கப்பட்ட நாளில் வில்லியம் ஹஸ்கிசன் என்னும் பாராளுமன்ற உறுப்பினரை மோதி அவர் மரணத்துக்குக் காரணமானதும் இதே இயந்திரந்தான். 1836 இற் கம்பலன்ட் பகுதிச் சுரங்கப் பாதையொன்றுக்கு விற்கப்பட்டு, அங்கும் உழைத்து, பல பாகங்களை இழந்த நிலையில் 1862 இல் இலண்டன் நூதனசாலையை அடைந்தது. அங்கு வந்துசேர்ந்த பொருளும் போட்டியில் வென்ற பொருளும் பெயரால் ஒன்று, தோற்றத்தால் வேறு. மஞ்சளும் வெள்ளையும் பூசிய, சாய்ந்த உருளைகளோடு கூடிய றொக்கற்றைக் காட்டும் சிற்றுருக்கள் யாவும் எஞ்சிய பொருளைப் பார்த்துச் செய்யப்பட்டவையல்ல. 1829 இல் வெளிவந்த படங்களையும், போட்டியின் நடுவருள் ஒருவரான ஜோன் றாஸ்ற்றிக்கின் குறிப்பேட்டையும், ஊகத்தையும் கொண்டு செய்யப்பட்டவை.

முழுவளவுப் படிகளும் இதற்கு விலக்கல்ல. 1929 இல் ஹென்றி போர்ட்டின் அமெரிக்க நூதனசாலைக்கென றொபேட் ஸ்டீவன்சன் கம்பனியே றொக்கற்றின் படியொன்றைச் செய்தளித்தது. 1979 இல் போட்டியின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு ஓடக்கூடிய இன்னொரு படி செய்யப்பட்டது. அதன் புகைபோக்கி மூலத்தினும் குட்டையானது. காரணம், றெயின்ஹிலிலுள்ள பாலத்தின்கீழ் இன்று முன்னைய அளவு இடைவெளி இல்லை! பாலத்துக்காகக் குறுக்கப்பட்ட இப்புகைபோக்கியைப் புகைப்படத்திற் கண்டு, அதையே மூலமென நம்பிச் சிற்றுருவில் அமைப்பவர், 1979 ஆம் ஆண்டை 1829 இனுள் நுழைத்துவிடுகிறார்.

பெனிடாரன் இயந்திரத்தின் கதை இதனினும் பாரதூரமானது. அவ்வியந்திரத்தின் பாகம் எதுவும் எஞ்சவில்லை. 1803 ஆம் ஆண்டுத் திகதியிட்ட ஒரு வரைபடம் உண்டு. நீண்ட காலமாக அது பெனிடாரன் இயந்திரத்தின் வரைபடமென்றே கொள்ளப்பட்டது. ஆயின் அதிற் காணப்படும் உருளையின் விட்டம் 4¾ அங்குலம். பெனிடாரன் இயந்திரத்தினதோ 8¼ அங்குலம். இவ்வேறுபாட்டை ஆராய்ந்தோர், வரைபடம் கோல்புறூக்டேல் இரும்பாலைக்கென எண்ணப்பட்ட வேறோர் இயந்திரத்துக்குரியது என்ற கருத்தை முன்வைத்துள்ளனர். எனினும், பெனிடாரன் எனப் பெயர் பொறித்த பித்தளைச் சிற்றுருக்களும், 1981 இல் வேல்சிற் செய்யப்பட்ட முழுவளவுப் படியும் அவ்வரைபடத்தின் வழிவந்தவையே. படி ஓடுகின்றது, மக்கள் கூடிநின்று பார்க்கின்றனர், சிறுவர் படமெடுக்கின்றனர். உருப்பெற்ற ஊகத்தை மறுப்பது எழுத்திலுள்ள ஊகத்தை மறுப்பதிலும் கடினம்.

இதனாற் படிகளும் சிற்றுருக்களும் வேண்டாமென்பது எனது வாதமன்று. 1837 இற் செய்யப்பட்ட நோர்த் ஸ்டார் என்னும் அகலப்பாதை இயந்திரம் சேவையிலிருந்து நீங்கியபின்னும் ஸ்விண்டன் பட்டறையிற் பேணப்பட்டு வந்தது. 1906 இல், இடம் போதாதெனக் கூறி, அதனை உடைத்தழித்தனர். அப்பட்டறைத் தொழிலாளர் சிலர் அதன் துண்டுகளை எடுத்து வைத்திருந்தனர். 1925 இற் புகையிரத நூற்றாண்டு விழா வந்தபோது அதே கம்பனி அத்துண்டுகளைத் தேடிப் பெற்று, எஞ்சியவற்றைப் புதிதாகச் செய்து சேர்த்து, அவ்வியந்திரத்தை மீள உருவாக்கியது. ஓடாத அப்படி இல்லையெனில் அவ்வியந்திரத்தின் பேருருவை மக்கள் காண வேறு வழியில்லை.

வேண்டுவது ஒழுங்கு. சிதைந்த கல்வெட்டைப் பதிப்பிக்கும் சாசனவியலாளர் மறைந்த எழுத்துகளைத் தாம் ஊகித்து நிரப்புமிடத்து அவற்றைப் பகர அடைப்புக்குள் இடுவர். எது கல் சொன்னது, எது தான் சொன்னது என்பதை வாசகன் அறியவேண்டும் என்பதே அதன் கருத்து. மாதிரியுருவுக்கு அத்தகைய அடைப்புக்குறி இல்லை. பித்தளையில் ஊகமும் உண்மையும் ஒரே பளபளப்புடன் மின்னுகின்றன. சிற்றுருவின் அடித்தட்டில் இயந்திரத்தின் பெயரோடு, அது எந்த ஆண்டு நிலையைக் காட்டுகிறது, எவ்வெப் பாகங்கள் சான்றின்றிச் சேர்க்கப்பட்டவை என்பதும் பொறிக்கப்படுமாயின் நூதனசாலைக்கும் பின்கொட்டிலுக்கும் இடையேயுள்ள தூரம் பெரிதுங் குறையும்.

மூலப்பொருளையும் ஒருமுறை பார்த்து முடித்துவிட்டோம் என்று விட்டுவிடலாகாது. 1999 இல் மைக்கேல் பெய்லியும் ஜோன் கிளிதெரோவும் றொக்கற்றின் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, அதன் மாற்றங்களை வரிசைப்படுத்தினர். 1826 இற் செய்யப்பட்டதெனக் கருதப்பட்டுவந்த கில்லிங்வேத் பில்லி என்னும் ஸ்டீவன்சன் இயந்திரத்தையும் பின்னர் பெய்லி இன்னோர் ஆய்வாளருடன் சேர்ந்து இவ்வாறே பரிசோதித்தார். 2018 இல் வெளிவந்த அம்முடிவின்படி அது 1816 இற் செய்யப்பட்டது. அதுவரை பத்தாண்டு இளமையாகக் காட்டப்பட்டுவந்த அவ்வியந்திரம் நோர்த் ஷீல்ட்ஸ் நூதனசாலையில் எல்லோர் கண்முன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.